பழைய அனல்மின் நிலையத்தில் புகை கூடுகிறதா? அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போகும் வழி

நிலக்கரியில் ஓடும் பழைய யூனிட் ஒன்றைப் பராமரிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முப்பது வருஷம் ஓடிவிட்டது என்றாலே "இனி இது இப்படித்தான் புகையும்" என்று சொல்லிவிடுகிறார்கள். அதை நான் ஏற்பதில்லை. புதுக் கருவி எதுவும் வாங்காமல், இருப்பதைச் சரியாக வேலை செய்ய வைத்தாலே குறைக்கக்கூடிய புகை நிறைய இருக்கிறது. அந்தப் புகையைச் சுவாசிப்பவர்கள் புதுக் கருவிக்கான டெண்டர் முடியும்வரை மூச்சை நிறுத்திக் காத்திருக்க முடியாது.

புகைபோக்கி உச்சியில் கோளாறு தெரியும். அது பிறந்த இடம் பெரும்பாலும் இரண்டு மூன்று கருவிகளுக்கு முன்னால் இருக்கும். அதனால் புகை வந்த வழியே பின்னோக்கி நடக்க வேண்டும்: புகைபோக்கி, ஐடி ஃபேன் என்கிற புகை உறிஞ்சும் விசிறி, இஎஸ்பி என்கிற நிலைமின் தூசிப்பிடிப்பான் (தூசிக்கு மின்னூட்டம் ஏற்றித் தகட்டில் ஒட்டவைப்பது), புகையின் சூட்டால் எரிகாற்றைச் சூடாக்கும் ஏர் ஹீட்டர், கொதிகலன், கரியை அரைக்கும் மில், கடைசியாக நிலக்கரி. கீழே சொல்பவை எல்லாம் இந்த நடையில் கிடைப்பவைதான்.

முதலில் மீட்டரைச் சந்தேகப்படுங்கள்

புகை கண்ணுக்குத் தெரிகிறது, திரையில் எண் நன்றாக இருக்கிறது. அல்லது நேர்மாறாக, வானம் தெளிவாக இருக்கிறது, எண் எகிறுகிறது. இரண்டிலும் கருவியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒளி ஊடுருவலை அளக்கும் மீட்டரின் கண்ணாடியில் தூசி படிந்தால் எண் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். கண்ணாடியைக் காக்கும் காற்று ஊதியின் ஃபில்டர் அடைத்திருக்கிறதா பாருங்கள். புகையைக் கழுவும் ஈர ஸ்க்ரப்பருக்குப் பின்னால் இந்த வகை மீட்டர் நீர்த்துளியையும் தூசி என்றே எண்ணிவிடும்.

இன்னொன்று கொஞ்சம் நுட்பமானது. தூசியும் வாயுக்களும் பொதுவாக 6% ஆக்சிஜன் அளவுக்குத் திருத்தித்தான் ஒப்பிடப்படுகின்றன. வழியில் எங்கோ காற்று கசிந்து உள்ளே வந்தால் புகை நீர்த்துப்போய் எண் குறைவாகத் தெரியும். மீட்டர் கன மீட்டருக்கு 100 மில்லிகிராம் தூசி காட்டுகிறது, அதே இடத்தில் ஆக்சிஜன் 9% என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றில் ஆக்சிஜன் 21%. அந்த 21-லிருந்து 6 போனால் 15. 21-லிருந்து 9 போனால் 12. 100-ஐ 15-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 125. உண்மையான எண் அதுதான். இந்தத் திருத்தம் இல்லாமல் "அளவுக்குள் இருக்கிறோம்" என்று எழுதிவைத்தால் ஊரையும் ஏமாற்றுகிறோம், நம்மையும் ஏமாற்றிக்கொள்கிறோம். ஆகவே ஆக்சிஜன் மீட்டரை, அளவு துல்லியமாகத் தெரிந்த தரவாயு விட்டுச் சோதித்த பிறகே மற்ற எதையும் நம்புங்கள்.

சாம்பல் நிறப் புகை நாள் முழுக்க ஒரே சீராக வருகிறது

இஎஸ்பியின் கண்ட்ரோல் பேனலுக்குப் போய் எத்தனை ஃபீல்டு (வாயு வரிசையாகக் கடக்கும், தனித்தனியாக மின்னூட்டப்படும் பகுதி) ஓடுகிறது என்று எண்ணுங்கள். "நாலில் ஒன்றுதானே போயிருக்கிறது, முக்கால்வாசி வேலை நடக்கிறதே" என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கு அப்படி வராது.

ஒரு மணி நேரத்துக்கு 50 டன் சாம்பல் இஎஸ்பிக்குள் நுழைகிறது, நாலு ஃபீல்டும் சேர்ந்து 99.8% பிடிக்கின்றன என்று கொள்வோம். வெளியே போவது மணிக்கு 100 கிலோ. நாலும் ஒரே திறன் என்றால் ஒவ்வொரு ஃபீல்டும் தன்னிடம் வருவதில் ஏறத்தாழ 21 சதவீதத்தை நழுவ விடுகிறது. 0.21-ஐ நாலு முறை பெருக்கினால் 0.002 வருகிறது. ஒரு ஃபீல்டு நின்றால் மூன்று முறை மட்டுமே பெருக்க வேண்டும். அது கிட்டத்தட்ட 0.0095. அதாவது வெளியே போவது மணிக்கு 470 கிலோவைத் தாண்டும். ஒரே ஒரு ஃபீல்டு டிரிப் ஆனதற்கு நாலரை மடங்குக்கு மேல் தூசி. கடைசி ஃபீல்டுகள் நுண்தூசியை மட்டும் சந்திப்பதால் நிஜத்தில் இந்த விகிதம் கொஞ்சம் மாறும், ஆனாலும் பெருக்கல் கணக்கு பெருக்கல் கணக்குதான். ஃபீல்டு போனதை அடுத்த ஷட்டவுனில் பார்க்கலாம் என்று ஒத்திப்போடும்போது இந்த எண் மனதில் இருக்க வேண்டும்.

ஃபீல்டு ஏன் போனது என்பதை வோல்ட்டேஜும் கரண்டும் சேர்ந்தே சொல்லும்.

வோல்ட்டேஜ் அடியோடு விழுந்து கரண்ட் ஏறி நின்றால் உள்ளே ஷார்ட். ஹாப்பரில், அதாவது உதிரும் சாம்பல் சேரும் அடித்தொட்டியில், சாம்பல் நிரம்பி மேலே எலக்ட்ரோடு வரை எட்டியிருக்கலாம், அல்லது எலக்ட்ரோடு கம்பி அறுந்து தகட்டின் மேல் தொங்கலாம். முதலில் ஹாப்பரைப் பாருங்கள். ஹாப்பர் ஹீட்டர் எரியாமல் சாம்பல் குளிர்ந்து ஈரம் ஏறிப் பாலம் கட்டிக்கொள்வதுதான் வழக்கமாகக் காண்பது. வெளிச் சுவரை வெப்பமானியால் மேலிருந்து கீழாக அளந்தால் எங்கே அடைத்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

வோல்ட்டேஜ் சாதாரணமாக இருக்க, கரண்ட் மட்டும் மிகக் குறைந்திருந்தால் எலக்ட்ரோடில் சாம்பல் அப்பியிருக்கும். சாம்பலைத் தட்டி உதிர்க்கும் ராப்பர் சரியாகத் தட்டவில்லை. முதல் ஃபீல்டில் மட்டும் இப்படி என்றால் நுண்தூசி அளவுக்கு மீறி வருகிறது என்றும் அர்த்தம் இருக்கலாம்.

யூனிட்டை ஓட்டத் தொடங்கிய சில மணி நேரத்திலோ மழை நாளிலோ மட்டும் டிரிப் ஆகிறது என்றால் மேல்தளத்து இன்சுலேட்டரைச் சந்தேகப்படுங்கள். ஹீட்டரும் உலர்காற்றும் வேலை செய்யாவிட்டால் பீங்கானில் ஈரமும் சாம்பலும் சேர்ந்து மின்சாரம் வழிய ஆரம்பிக்கும்.

ஒரு எச்சரிக்கை. அடைத்த ஹாப்பரைக் கீழிருந்து கம்பியால் குத்தித் திறப்பது உயிரோடு விளையாடுவது. சூடான சாம்பல் தண்ணீர் மாதிரி பாய்ந்து கொட்டும். யூனிட்டின் பளுவைக் குறைத்து, ஃபீல்டை நிறுத்தி எர்த் செய்து, பூட்டுப் போட்டு, அனுமதிச் சீட்டு எழுதிய பிறகே யாரும் கிட்டே போகலாம். புகையைக் குறைக்கும் அவசரத்தில் ஒருவரை இழந்துவிடக் கூடாது.

எல்லா ஃபீல்டும் ஓடுகிறது, புகை மட்டும் குறையவில்லை

கரண்ட் நன்றாக ஏறுகிறது, ஏற ஏற வோல்ட்டேஜ் இறங்குகிறது. பேனல் எதிரில் நிற்பவருக்கு எல்லாம் நல்லபடி நடப்பதாகத்தான் தோன்றும். இதுதான் பின்கொரோனா. தகட்டில் படிந்த சாம்பலின் மின்தடை மிக அதிகமாக இருப்பதால் அந்தப் படிவத்துக்குள்ளேயே மின்னிறக்கம் நடந்து, தூசியின் மின்னூட்டத்துக்கு நேர்மாறான மின்னூட்டம் வாயுவுக்குள் பீறிடுகிறது. கரண்ட் அத்தனையும் வீண். பிடித்த தூசியையும் அது திருப்பி அனுப்புகிறது.

சாம்பலின் மின்தடை 10-இன் 8-ஆம் அடுக்கு முதல் 10-ஆம் அடுக்கு ஓம்-செ.மீ. வரை இருந்தால் இஎஸ்பிக்குச் சுகம். 11-ஆம் அடுக்கைத் தாண்டினால் இந்தத் தொல்லை தொடங்கும். கந்தகம் குறைந்த நிலக்கரிக்கு மாறியதும் புகை கூடியது என்று யாராவது சொன்னால் ஆச்சரியப்படாதீர்கள், காரணம் இதுவே. கந்தகம் எரியும்போது சிறிதளவு கந்தக டிரையாக்சைடு உண்டாகிச் சாம்பல் துகளின் மேல் படிந்து மின்சாரம் கடக்க வழி செய்யும். கந்தகம் குறைந்தால் அந்த உதவியும் குறைந்துவிடும். வெப்பநிலையும் சேர்ந்து சதி செய்கிறது. பெரும்பாலான சாம்பலின் மின்தடை 150 டிகிரி செல்சியஸ் அருகில்தான் உச்சத்தில் இருக்கும், பழைய இஎஸ்பிகள் ஓடுவதும் அங்கேயேதான்.

என்ன செய்யலாம்? காசு செலவில்லாத வழி முதலில்: கரண்ட் வரம்பைக் குறையுங்கள். கூட்டினால்தான் தூசி பிடிக்கும் என்ற பழக்கத்துக்கு இது நேர் எதிர் என்பதால் ஷிப்டில் இருப்பவர்கள் தயங்குவார்கள். ஒவ்வொரு ஃபீல்டாகக் கரண்டைப் படிப்படியாக ஏற்றி வோல்ட்டேஜைக் குறித்துக்கொண்டே வாருங்கள். வளைவு எங்கே பின்னால் மடங்குகிறதோ அதற்குச் சற்றுக் கீழே வரம்பை வையுங்கள். கண்ட்ரோலர் அனுமதித்தால் விட்டுவிட்டு மின்னூட்டும் முறைக்கு மாற்றுங்கள். அதற்கு அடுத்தது ஏர் ஹீட்டரைச் சுத்தம் செய்து வாயுவின் வெப்பத்தை 10, 15 டிகிரி இறக்குவது. அதிலும் தீரவில்லை என்றால் கந்தக டிரையாக்சைடையோ அம்மோனியாவையோ சில பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவில் செலுத்தி வாயுவைப் பதப்படுத்தும் கண்டிஷனிங் ஏற்பாடு இருக்கிறது.

புகை விட்டுவிட்டுக் குபுக் குபுக்கென்று வருகிறது

ஒரு கடிகாரத்தை எடுத்துக்கொண்டு வெளியே நில்லுங்கள். எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது என்று குறித்துக்கொண்டு ராப்பர் டைமரோடு ஒப்பிடுங்கள். பொருந்தினால் ராப்பர்தான் காரணம். அடிக்கடி தட்டினால் சாம்பல் கட்டியாக விழாமல் பொடியாக உதிர்ந்து வாயுவோடு போய்விடும். கடைசி ஃபீல்டில் தட்டும் இடைவெளியை நன்றாக நீட்டுங்கள்; முதல் ஃபீல்டில்தான் சாம்பல் அதிகம், அங்கே அடிக்கடி தட்டலாம். இரண்டு வரிசை ஒரே நேரத்தில் தட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஷிப்டுக்கு ஒருமுறை மட்டும் வருகிறது என்றால் கொதிகலனுக்குள் படிந்ததை ஊதி நீக்கும் சூட் புளோயர் ஓடும் நேரத்தைப் பாருங்கள்.

ஐடி ஃபேன் முழுத் திறப்பில் நிற்கிறது, பளு ஏறவில்லை, புகையும் அதிகம்

காற்றுக் கசிவு. பழைய யூனிட்டுகளில் என் முதல் சந்தேகம் எப்போதும் இதன் மேல்தான்.

இஎஸ்பியின் திறனைக் கணக்கிட 1922-இல் வால்தர் டாய்ட்ஷ் கொடுத்த சூத்திரத்தை இன்றும் பயன்படுத்துகிறோம். அதன்படி தகட்டின் பரப்பும் வாயுவின் அளவும் அடுக்குக்குள் உட்கார்ந்திருக்கின்றன. மேலே சொன்ன 99.8% இஎஸ்பிக்குள் போகும் வாயுவின் கன அளவு 20% கூடினால், நழுவுவது 0.2 சதவீதத்திலிருந்து 0.56 சதவீதமாகும். தகடு அதே, மின்சாரம் அதே, தூசி மட்டும் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

சுழலும் வகை ஏர் ஹீட்டரின் சீல்கள் தேய்வதுதான் பெரிய ஓட்டை. நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் ஆக்சிஜனை அளந்து, வித்தியாசத்தை, 21-லிருந்து வெளியேறும் ஆக்சிஜனைக் கழித்து வரும் எண்ணால் வகுத்து, 90-ஆல் பெருக்குங்கள். உள்ளே 3.5, வெளியே 7 என்றால் வித்தியாசம் 3.5, வகுக்கும் எண் 14; கசிவு 22.5%. நல்ல நிலையில் இருக்கும் ஏர் ஹீட்டரில் இது பத்துக்குள் இருக்க வேண்டும். புகை செல்லும் குழாயான டக்டின் ஒரே புள்ளியில் அளந்தால் ஏமாந்துபோவீர்கள். குறுக்கே பல புள்ளிகளில் அளந்து சராசரி எடுங்கள்.

அடுத்தது டக்டுகளின் நெகிழும் இணைப்பான எக்ஸ்பேன்ஷன் ஜாயிண்ட், ஆள் நுழையும் கதவு, ஹாப்பர் கதவு. ஐடி ஃபேன் உறிஞ்சுவதால் உள்ளே அழுத்தம் குறைவு; ஓட்டை வழியாக எதுவும் வெளியே வராது, அதனால் கண்ணுக்குப் படாது. காதால்தான் பிடிக்க வேண்டும். ஒரு யூனிட்டில் மூன்றாம் வரிசை ஹாப்பர் எப்போதும் அடைத்துக்கொண்டே இருந்தது. ஹீட்டரை மாற்றினார்கள், சாம்பல் இழுக்கும் வால்வை மாற்றினார்கள், தீரவில்லை. இரவு ஷிப்டில் கன்வேயர்கள் நின்ற ஒரு நேரத்தில் அடியில் போய் நின்றபோது மெல்லிய விசில் சத்தம் கேட்டது. கதவின் ஆஸ்பெஸ்டாஸ் கயிறு விரல் நீளத்துக்கு இற்றுப் போயிருந்தது. ஒரு தாளைக் கிட்டே காட்டினேன், டப்பென்று ஒட்டிக்கொண்டது. அந்த இடைவெளி வழியாகக் குளிர்காற்று நுழைந்து சாம்பலை இறுகச் செய்ததோடு, விழுந்த தூசியை மேலே கிளப்பியும் விட்டிருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத புதுக் கயிறு வைத்துக் கதவை இறுக்கிய பின் அந்த ஹாப்பர் அடைக்கவில்லை. அன்றிலிருந்து எந்த இஎஸ்பியைப் பார்க்கப் போனாலும் முதலில் அடித்தளத்தில் ஒரு சுற்று நடக்கிறேன்.

கருத்த புகை, சாம்பலிலும் கருப்பு

எரியாத கரி வெளியே போகிறது. ஹாப்பர் சாம்பலை வெள்ளைத்தாளில் கொட்டித் தேய்த்தாலே தெரியும். கரித்துகள் மின்சாரத்தை எளிதில் கடத்தும். தகட்டைத் தொட்டதும் மின்னூட்டத்தை இழந்து மறுபடி வாயுவுக்குள் குதித்துவிடும். ஆகவே இஎஸ்பியைச் சீர்செய்து பயனில்லை, மில்லுக்குப் போங்கள். அரைத்த கரியில் 70 சதவீதமாவது 75 மைக்ரான் சல்லடையில் இறங்க வேண்டும். 300 மைக்ரான் சல்லடையில் நிற்பது ஒன்றிரண்டு சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இரண்டாவது எண்தான் முக்கியம், அந்தப் பருமணல்தான் எரியாமல் போகிறது. பருந்துகளைத் திருப்பி அனுப்பும் கிளாசிஃபயரின் இதழ்கள், அரைக்கும் ரோலரின் தேய்மானம், அப்புறம் ஒரே மில்லிலிருந்து கிளம்பும் குழாய்களுக்குள் கரி சமமாகப் பிரிகிறதா என்பது, இந்த வரிசையில் பாருங்கள்.

கொதிகலனை எண்ணெயால் கொளுத்தும்போது மட்டும் கருப்பு என்றால் எண்ணெய் பர்னரின் நுனி, எண்ணெயின் சூடு, நீராவி அழுத்தம் ஆகியவற்றைச் சரிபாருங்கள். எண்ணெய் எரியும் நேரத்தில் இஎஸ்பியை அணைத்துவைப்பது வழக்கம். எரியாத வாயு சேர்ந்து தீப்பற்றும் என்ற பயம் நியாயமானது. ஆனால் எண்ணெயை நிறுத்திய பிறகும் மணிக்கணக்கில் ஃபீல்டைப் போடாமல் இருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

நைட்ரஜன் ஆக்சைடு கூடுகிறது

காற்றில் இருக்கும் நைட்ரஜன் 1500 டிகிரிக்கு மேல்தான் வேகமாக ஆக்சிஜனோடு சேரும். நிலக்கரித் தீயில் பெரும்பங்கு கரிக்குள் இருக்கும் நைட்ரஜனிலிருந்தே வருகிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்று: தீ தொடங்கும் இடத்தில் ஆக்சிஜனைக் குறைத்து, மிச்சக் காற்றை மேலே தாமதமாகக் கொடுப்பது. முதலில் மொத்த ஆக்சிஜனை கால் கால் சதவீதமாக இறக்கிக் கார்பன் மோனாக்சைடைப் பாருங்கள். அது எகிறும் இடத்துக்கு முன் நிறுத்துங்கள். ஆனால் பர்னருக்குப் பர்னர் காற்றும் கரியும் வேறுபட்டால் இந்த முயற்சி பலிக்காது, ஒரு மூலை மூச்சுத் திணறும், இன்னொரு மூலை கொதிக்கும். மில்லைச் சீர்செய்த பிறகு இதைத் தொடுவது நல்லது. அதற்கப்புறம்தான் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைவாக உண்டாக்கும் லோ-நாக்ஸ் பர்னரும், தீக்கு மேலே கொடுக்கும் ஓவர்ஃபயர் காற்றும்.

யூரியா அல்லது அம்மோனியா தெளிக்கும் ஏற்பாடு ஏற்கெனவே இருந்து பயன் தரவில்லை என்றால், தெளிக்கும் இடத்தின் வெப்பத்தை அளங்கள். வினையூக்கி இல்லாத முறைக்குச் சுமார் 850 முதல் 1100 டிகிரி வேண்டும். குறைந்தால் அம்மோனியா அப்படியே நழுவும், கூடினால் அம்மோனியாவே எரிந்து நைட்ரஜன் ஆக்சைடாகும். பளு இறங்கும்போது இந்த வெப்ப மண்டலம் கொதிகலனுக்குள் இடம் மாறுகிறது. ஒரே மட்டத்தில் நாசில் வைத்திருந்தால் பாதி நாள் வீண். நழுவிய அம்மோனியா கந்தகத்தோடு சேர்ந்து பிசின் மாதிரி ஏர் ஹீட்டரில் ஒட்டும். ஏர் ஹீட்டரின் அழுத்த வித்தியாசம் வாரா வாரம் ஏறினால் அதைத் தேடுங்கள்.

கந்தக டையாக்சைடும் நீலப் புகையும்

கந்தகக் கணக்கு எளிது. 1% கந்தகம் உள்ள ஒரு டன் நிலக்கரியில் 10 கிலோ கந்தகம். எரிந்தால் ஏறக்குறைய 20 கிலோ டையாக்சைடு. கொதிகலனை எப்படிச் சரிசெய்தாலும் இது குறையாது. கழுவிய கரியில் பைரைட் வடிவக் கந்தகம் ஓரளவு போகும், கரியோடு கலந்த கந்தகம் போகாது. சரி, மிச்சத்துக்கு ஸ்க்ரப்பர்தான். லண்டனின் பேட்டர்சீ நிலையத்தில் 1930-களிலேயே புகையை நீரால் கழுவினார்கள், ஆகவே இதைப் புதுத் தொழில்நுட்பம் என்று யாரும் தள்ளிப்போட முடியாது.

சுண்ணாம்புக்கல் ஸ்க்ரப்பர் இருந்தும் டையாக்சைடு கூடினால் சுண்ணாம்புக்கல் குழம்பின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) பாருங்கள். 5-க்கும் 6-க்கும் நடுவில் இருக்க வேண்டும். கல்லை அதிகம் ஊட்டியும் பிஎச் ஏறவில்லை என்றால் கல் கரையாமல் அடைபட்டிருக்கிறது; இஎஸ்பி தாண்டி வந்த சாம்பலின் அலுமினியமும் ஃப்ளூரைடும் சேர்ந்து கல் துகளைப் போர்த்திவிடும். மறுபடியும் காரணம் முன்னால் இருக்கும் இஎஸ்பிதான். புகைபோக்கியைச் சுற்றி வெள்ளைப் புள்ளிகள் சொட்டினால் துளி பிடிப்பான் அடைத்திருக்கிறது. கழுவும் நாசில்களைத் திறந்து பாருங்கள்.

ஈர ஸ்க்ரப்பருக்கு இடமோ மிச்ச ஆயுளோ இல்லாத யூனிட்டில் சோடியம் பைகார்பனேட் பொடியையோ நீற்றிய சுண்ணாம்பையோ டக்டில் ஊதலாம். இரண்டையும் ஒன்றாக நினைக்க வேண்டாம். சோடியம் சாம்பலின் மின்தடையைக் குறைத்து இஎஸ்பிக்கு உதவும், சுண்ணாம்பு கூட்டும். இஎஸ்பி ஏற்கெனவே திணறும் யூனிட்டில் சுண்ணாம்பை ஊதினால் கந்தகம் இறங்கித் தூசி ஏறும்.

வெறும் நீராவி கொஞ்ச தூரத்தில் கரைந்து மறைந்துவிடும். அது மறைந்த பிறகும் நீளமாக ஒரு வால் தொடர்ந்தால், சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்போது அது நீலமாகத் தெரிந்தால், அது கந்தக அமில மூடுபனி. கண்டிஷனிங் அளவு மிஞ்சியிருக்கலாம், அல்லது நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க வைத்த வினையூக்கி டையாக்சைடில் ஒரு பங்கை டிரையாக்சைடாக மாற்றிக்கொண்டிருக்கலாம். கண்டிஷனிங்கை நிறுத்தி ஒருநாள் பாருங்கள், அங்கேயே பதில் கிடைக்கும்.

எல்லாம் செய்தும் எண் இறங்கவில்லை

அப்படியானால் இஎஸ்பி அடிப்படையிலேயே சிறியது. கூடுதல் ஃபீல்டு கட்ட இடமில்லாத நிலையங்களில் அதே கூட்டுக்குள் பின்பாதி ஃபீல்டுகளைக் கழற்றி, துணிப்பைகளால் தூசியை வடிகட்டும் பேக் ஃபில்டர் பொருத்துகிறார்கள். சாம்பலின் மின்தடை இனி ஒரு பொருட்டல்ல என்பதால் கரி மாறினாலும் தாங்கும். அதற்குமுன் இரண்டைச் சரிபாருங்கள். இஎஸ்பி 20, 30 மி.மீ. நீரழுத்தம்தான் தின்கிறது, பேக் ஃபில்டர் 150 மி.மீ. அளவுக்குத் தின்னும், கசிவால் ஏற்கெனவே மூச்சு முட்டும் ஐடி ஃபேன் அதைத் தாங்காது. ஏர் ஹீட்டர் நின்று வெப்பம் ஏறும் சில நிமிடங்களில் பைகள் கெட்டுப்போகலாம். ஆகவே பை வாங்குவதற்கு முன் ஏர் ஹீட்டர் சீல்களை மாற்றியே ஆக வேண்டும்.

யூனிட்டுக்கு மிச்சம் இருப்பது இரண்டு மூன்று வருஷம் மட்டுமே என்றால் நான் பேக் ஃபில்டருக்குப் பரிந்துரைக்க மாட்டேன். மின்சாரம் கேட்கும் வரிசையில் அந்த யூனிட்டைக் கடைசிக்குத் தள்ளச் சொல்வேன், நல்ல கரியை அதற்கு ஒதுக்கச் சொல்வேன், மூடும் தேதியை எழுத்தில் வாங்கச் சொல்வேன். அந்தத் தேதிவரை ஹாப்பர் ஹீட்டர், ராப்பர், கதவுக் கயிறு மூன்றையும் வாரம் ஒருமுறை ஒருவர் நடந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.